ரெட் ஆக்சைடு தரையில் பெட்ரோல் கொட்டிவிட்டது. கறையும் வாடையும் போகவில்லை

கேள்வி – மஞ்சக்குப்பம் வீட்டுக்காரி
எங்களுடையது கடலூரில் மாமனார் காலத்து வீடு. மழைக்காலத்தில் ராத்திரி வண்டியை நடையில் ஏற்றி நிறுத்திவிடுவோம். முந்தாநாள் பெட்ரோல் டியூப் விட்டுப்போய், விடிந்து பார்த்தால் முறம் அகலத்துக்கு ஈரம். அரை லிட்டராவது போயிருக்கும். துணி போட்டு ஒற்றி எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, ஃபினாயிலும் போட்டேன். ஃபினாயில் வாசனை அடங்கியதும் பெட்ரோல் வாடை திரும்ப எழும்புகிறது. அந்த இடம் மட்டும் கறுத்து, மினுமினுப்பும் போய்விட்டது. ஏழு மாதக் குழந்தை தவழ ஆரம்பித்திருக்கிறாள். ப்ளீச்சிங் பவுடர் போடலாமா? ஆசிட்?

பதில் – முத்தியால்பேட்டை மெக்கானிக்
ப்ளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம் அம்மா. பெட்ரோலோடு அது சேர்ந்தால் சூடேறித் தீப்பிடிக்கலாம். முதலில் குழந்தையை அந்தப் பக்கம் விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாமல் தரையை ஒட்டியே பரவும். நிற்கிற நமக்கு லேசாகத் தெரிகிற வாடை, தவழ்கிற பிள்ளைக்கு நேராக மூக்கில் ஏறும். வாடை இருக்கும்வரை முன்கதவு, பின்கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் சாமி விளக்கு, கொசுவர்த்தி வேண்டாம். அங்கே இருக்கும் சுவிட்சைப் போடவோ அணைக்கவோ கூடாது, சின்னப் பொறியே போதும்.

புதுச்சேரியில் விலை குறைவு என்று கேனில் வாங்கிப் போய், மூடி கசிந்து வீட்டுக்குள் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் முதலில் ஃபினாயிலைத்தான் தேடுவார்கள். அது வாடையை மறைக்கும், எடுக்காது.

ஒன்று சொல்லுங்கள், துடைத்த துணியை எங்கே வைத்தீர்கள்?

பதில் – பழைய வீட்டுக் கொத்தனார்
அம்மா, ரெட் ஆக்சைடு என்பது சிமெண்டில் சிவப்புப் பொடி கலந்து தேய்த்த தரை. டைல்ஸ் மாதிரி மேலேயே நிற்காது, உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல் மெழுகைப் பெட்ரோல் கரைத்துவிட்டது, அதனால்தான் மினுமினுப்பு இல்லை. ஆசிட் ஊற்றினால் சிமெண்டையே அரிக்கும், அப்புறம் தரையைச் சரிசெய்வது பெரிய வேலை. கடப்பாக் கல்லுக்கும் இதே கதிதான், வினிகர்கூட வேண்டாம்.

ஆப்ப சோடாவைத் தண்ணீர் விட்டு இட்லி மாவு பதத்துக்குக் குழைத்து, கறையைத் தாண்டி நாலு விரல் அகலம் வரை அரை அங்குல கனத்துக்குப் பூசுங்கள். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டு, மரக்கரண்டியால் சுரண்டுங்கள். உள்ளே இருப்பதை அந்த மாவு இழுத்துக்கொள்ளும். பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் போட்டு நார் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை செய்யவேண்டிவரும். வாடை முழுக்கப் போனபிறகுதான் மெழுகோ தேங்காய் எண்ணெயோ தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் வாடை உள்ளேயே அடைபட்டுவிடும்.

கேட்டவர்
மெக்கானிக் அண்ணா, நீங்கள் கேட்டபிறகுதான் உறைத்தது. துணிகளைப் பின்கட்டில் மூடி போட்ட வாளிக்குள் போட்டிருந்தேன். திறந்தால் குப்பென்று அடித்தது. நடையில் கிடந்த தேங்காய் நார் மிதியடியும் ஒரு ஓரம் ஊறியிருந்தது.

மெக்கானிக்
மொட்டை மாடியில் தனித்தனியாக விரித்துப் போடுங்கள், அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாமல். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். அந்தத் துணியைப் பிழிந்த தண்ணீரைச் சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம், ஆவி அங்கே தங்கிவிடும். மிதியடியைத் திரும்ப உள்ளே எடுக்காதீர்கள்.

கேட்டவர், நான்கு நாள் கழித்து
வாளி வெளியே போனதுமே பாதி வாடை குறைந்தது. சோடாப் பூச்சு இரண்டு முறை ஆயிற்று. தரையோடு குனிந்து முகர்ந்தால் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது, அதனால் நாளை மூன்றாவது முறை போடுகிறேன். கறுப்பு வெளுத்துச் சிவப்பு தெரிகிறது. குழந்தை வில்லியனூரில் அம்மா வீட்டில் இருக்கிறாள். டியூப் மாற்றியாயிற்று, வண்டி இப்போது வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே.