மறு: கிடங்குக்குப் பணம் – முதலில் எடைக் கணக்கு வரட்டும்

எல்லாருக்கும் வணக்கம்.

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிற நம்ம உணவு வங்கிக் கிடங்குக்கு ஆளுக்கு 500 ராண்ட் கேட்ட மடலையும், ஈஸ்டருக்குப் போய்ப் பார்த்த பெர்த் மச்சான் எழுதியதையும் படித்தேன். மின்வெட்டில் குளிர் அறை நின்றிருக்கிறது, மீலி மாவு (மக்காச்சோள மாவு) மூட்டையில் வண்டு, டப்பா மீன் மட்டும் புத்தம் புதுசு, கடை ரசீதோடு. எல்லாரும் வண்டைத்தான் பேசுகிறீர்கள். எனக்கு அந்த ரசீதுதான் உறுத்துகிறது.

உணவு வங்கி என்பது முக்கியமாகக் கடையில் வாங்கிக் கொடுக்கிற இடம் இல்லை. 1967இல் ஜான் வான் ஹெங்கல் பீனிக்ஸில் (டர்பனில் இருக்கிற நம்ம பீனிக்ஸ் இல்லை, அமெரிக்காவின் அரிசோனா) செயின்ட் மேரி தேவாலயம் கொடுத்த பழைய கட்டடத்தில் இதைத் தொடங்கியதே, கடைகள் குப்பையில் போட இருந்த நல்ல சாமானைச் சேர்த்து வைக்கத்தான். தென்னாப்பிரிக்காவில் 2009இல் வந்த ஃபுட்பேங்க் சவுத் ஆப்பிரிக்காவும், அதாவது இன்றைய ஃபுட்ஃபார்வர்ட் எஸ்ஏ, இதே வழிதான். சாமான் பெரும்பாலும் சும்மா வரும். காசு டீசலுக்கும் ஓட்டுநருக்கும் குளிர் அறைக்கும் போகும். அப்படியிருக்க நம்ம கிடங்கு மீன் வாங்குகிறது என்றால், கொடுத்துக்கொண்டிருந்த கடைகள் நிறுத்திவிட்டனவா? யாராவது சொல்லுங்கள்.

டொராண்டோ பெரியப்பா, “பேரக்ஸ் ஜனம் யாரிடமும் கையேந்தியதில்லை” என்று, டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸில் இருந்த நம்மவர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மன்னிக்கணும். 1860க்கு அப்புறம் இந்தியாவிலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கூலியோடு அரிசியும் பருப்பும் படியளந்துதான் கொடுத்தார்கள். மேகசின் பேரக்ஸிலிருந்து சாட்ஸ்வொர்த்துக்குத் துரத்தப்பட்டபோது அடுத்த வீட்டுச் சட்டியில் சாப்பிடாதவர் யார்? 2021 ஜூலையில் கடைகளைச் சூறையாடிய வாரம், ரொட்டிக்கு வரிசையில் நின்றதில் நம்ம வீட்டுக்காரர்களும் உண்டு. மறு வருஷம் ஏப்ரல் வெள்ளத்தில் கோயில் மடப்பள்ளிதான் பீன்ஸ் கறியும் சோறும் போட்டது. ஆடிக் கூழ் ஊற்றுகிற அதே அண்டாதான். அன்றைக்கு அண்டா தூக்கியவர்கள் பெயரைக்கூட இப்போதைய கமிட்டி எழுதி வைக்கவில்லை. 

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். உணவு வங்கியின் கணக்கு கிலோவில் இருக்கணும். எந்தக் கடையிலிருந்து எத்தனை கிலோ வந்தது, எந்தக் கஞ்சிக் கூடத்துக்கு, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு போனது, எவ்வளவு கெட்டுக் கொட்டினார்கள்? கடைசி மூன்று மாதப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். மின்வெட்டில் குளிர் அறை நிற்காமலிருக்க ஜெனரேட்டர் வேண்டுமென்றால், மூன்று இடத்தில் விலை கேட்கட்டும். என் பங்கை நேரே விற்பவருக்கே கட்டுகிறேன், கமிட்டி கணக்குக்கு இல்லை.

பேவியூ அத்தை, கிடங்கின் இன்னொரு சாவி உங்களிடம்தானே? திங்கட்கிழமை லாரி வரும்போது ஒரு எட்டுப் போய், தராசு வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

லெஸ்டரிலிருந்து,
சர்தார் வீட்டு மூன்றாவது பேரன்