எக்ஸ்எஸ்எல்டி: லூப்பில் கூட்டியும் மொத்தம் 0 காட்டுது

கேள்வி (ராயபுரம்):
காசிமேடு மீன் ஏலக் கூடைகளோட எடைப் பட்டியல் எக்ஸ்எம்எல்-ல இருக்கு. அதை மாத்தி எழுத எக்ஸ்எஸ்எல்டி மொழியில 1.0 ஸ்டைல்ஷீட் (விதிகள் எழுதின கோப்பு). குளோபலா ‘மொத்தம்’ 0. ஃபார்-ஈச் லூப் உள்ளே அதே பேர்ல வேரியபிள் வச்சு, பழைய மொத்தத்தோட எடையைக் கூட்டுறேன். 12, 30, 55 வரணும். 12, 18, 25 வருது. லூப் முடிஞ்சா 0. ஏன்?

பதில் 1 (தண்டையார்பேட்டை):
இங்கே வேரியபிளுக்கு ஒரு தடவைதான் மதிப்பு, அப்புறம் மாத்த முடியாது ப்ரோ. உள்ளே இருப்பது அதே பேர்ல வேற வேரியபிள். அந்தச் சுற்றோட அது முடிஞ்சுடும். அடுத்த சுற்று மறுபடி குளோபல் 0-லிருந்து ஆரம்பிக்கும். ‘மொத்தம்’ குளோபலா இல்லாம அதே டெம்ப்ளேட்டுக்குள்ள (ஸ்டைல்ஷீட்ல ஒரு விதித் தொகுப்பு) இருந்திருந்தா 1.0-ல அது பிழை.

கடைசி மொத்தம் மட்டும்னா லூப்பே வேண்டாம், சம் ஃபங்ஷன் போதும். வரிக்கு வரி வேணும்னா, தன்னையே கூப்பிடுற டெம்ப்ளேட். இதுவரையான மொத்தத்தை ஒவ்வொரு தடவையும் அதுக்கு பாராமீட்டரா அனுப்புங்க. முந்தைய சிப்ளிங் (அதே மட்டத்துல முன்னாடி இருக்கிற எலிமெண்ட்) எல்லாத்தையும் வரிக்கு வரி சம் பண்ணாலும் விடை சரிதான், ஆனா ஆயிரக்கணக்கான வரின்னா ரொம்ப இழுக்கும்.

பதில் 2 (பெரம்பூர்):
2017-ல வந்த 3.0-க்கு மாற முடிஞ்சா இட்டரேட் இதுக்குன்னே இருக்கு: ஒரு சுற்றோட மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோற லூப். ஸ்டைல்ஷீட்டை ஓட்டுற மென்பொருள்ல லிப்எக்ஸ்எஸ்எல்டிக்கு 1.0 மட்டும்தான் தெரியும்; 3.0-க்கு சாக்ஸன் போடுங்க.

இன்னொண்ணு: வேரியபிளோட மதிப்பை செலக்ட் பண்புல தராம டேகுக்குள்ள எழுதினா, விளைவு காலியா வந்தாலும் இஃப் டெஸ்ட்ல உண்மைன்னுதான் வரும். ஸ்ட்ரிங் ஃபங்ஷன்ல போட்டுச் சோதிங்க. செலக்ட்ல வஞ்சிரம்னு சொல்லா எழுதினா உள்ளே இன்னொரு மேற்கோள் (வழக்கமா ஒற்றை) கட்டாயம். விட்டா அந்தப் பேர்ல எலிமெண்ட் தேடி, பிழையே காட்டாம காலியா நிக்கும்.