புள்ளியட்டை முழுக்கப் பச்சை, விடுதியில் தண்ணீர் இல்லை

வாவிக்கரை:
வணக்கம். மட்டக்களப்பு–அம்பாறைப் பக்கம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் பராமரிப்புப் பிரிவில் வேலை, பெயர் வேண்டாம். முகாமைத்துவ அறிஞர்கள் கப்லானும் நோர்ட்டனும் 1992இல் முன்வைத்த முறைப்படி நிதி, பயனாளர், உள்வேலை, கற்றல் என்று பிரித்துச் செயலாற்றுகைப் புள்ளியட்டை போட்டிருக்கிறோம். முக்கிய அளவு, முறைப்பாடு 48 மணி நேரத்துக்குள் முடிந்ததா என்பது. மாதா மாதம் பச்சைதான், அதாவது இலக்கை எட்டியதாகவே காட்டுகிறது. ஆனால் பெண்கள் விடுதியில் அதே மோட்டர் திரும்பத் திரும்ப நிற்கிறது, பிள்ளைகள் வாளியோடு அலைகிறார்கள். எதை மாற்றலாம்?

பம்படி:
தம்பி, முறைப்பாட்டை மூடுவது யார்?

வாவிக்கரை:
வேலைக்குப் போகிற டெக்னீஷியன்தான் அண்ணன். பாகத்துக்கு விலைமனு கேட்டுக் காத்திருந்தால் நேரம் தாண்டிவிடும் என்று மூடிவிட்டு, பிறகு புதிதாகத் திறக்கிறார்கள்.

பம்படி:
அப்போ பச்சை வராமல் என்ன செய்யும்? அட்டை கேட்டதை அவர்கள் கொடுக்கிறார்கள். இலக்காக்கிய அளவு கெட்டுப்போகும் என்பதற்குக் குட்ஹார்ட் விதி என்றே பெயர் இருக்கிறது.

முதலில் மூடும் உரிமையை முறைப்பாடு தந்தவரிடமோ விடுதிப் பொறுப்பாளரிடமோ கொடுங்கள். அப்புறம் நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள்: போய்ப் பார்க்க எடுத்த நேரம், கொள்வனவில் கிடந்த நேரம், கையால் வேலை செய்த நேரம். நடுவில் உள்ளது உங்கள் பிரிவின் புள்ளியைத் தொடக் கூடாது, ஆனால் அட்டையில் தெரிய வேண்டும். ஒளித்தால் பதிவாளர் அதை ஒருநாளும் காணமாட்டார். சராசரி வேண்டாம், இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) போடுங்கள். இரண்டு மாதம் கிடந்த ஒரே மோட்டர் சராசரியை இழுத்துவிடும். அதே இயந்திரம் 30 நாளுக்குள் மறுபடி பழுதானால் பழைய முறைப்பாடே திறக்கட்டும்.

வாவிக்கரை:
சரி, ஆனால் எல்லாம் சிவப்பாகிவிடுமே. மேலிடத்துக்கு என்ன சொல்வது?

ஒலுவில்காரன்:
காசுக் கணக்கில் சொல்லுங்கள். தள்ளிப்போட்ட திருத்த வேலைகளின் செலவைக் கட்டடத்தைப் புதிதாகக் கட்டும் செலவால் பிரித்தால் நிலைமைச் சுட்டி வரும். 10 கோடிக் கட்டடத்தில் 1.2 கோடிக்கு வேலை கிடந்தால் 0.12. பொதுவாக 0.05க்குள் நல்லது, 0.10 தாண்டினால் மோசம் என்பார்கள். எங்கள் கரையில் உப்புக்காற்று கம்பியையும் ஏசியையும் தின்கிறது, அந்தச் சுட்டி சும்மா ஏறும்.

இன்னொன்று, நவம்பரை யூனோடு ஒப்பிடாதீர்கள். மாரியில் கூரை ஒழுக்கு முறைப்பாடு கூடத்தான் செய்யும். போன நவம்பரோடு பாருங்கள். கூரைப் பீலி துப்பரவு செப்டெம்பருக்குள் முடிந்ததா என்பதை உள்வேலைப் பக்கத்தில் சேருங்கள். விடுமுறையில் விடுதி வெறுமையாகி முறைப்பாடு குறைவதை முன்னேற்றம் என்று எழுதவும் வேண்டாம்.

வாவிக்கரை:
நன்றி. மூன்று நேரத்தையும் எக்செலில் பிரித்துவிட்டேன். கொள்வனவு வரிக்கு என்ன நிறம் போட?

பம்படி:
நிறமே போடாதீர்கள், நாட்கணக்கை மட்டும் எழுதுங்கள்.