கையெழுத்து ஒருத்தர், வீடு இன்னொருத்தர்: ஆர்கிடெக்ட்டோட உங்க அனுபவம் என்ன?

கொருக்குப்பேட்டை ரயில்கேட்:

வணக்கம். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவன் நான். அப்பா விட்டுட்டுப் போன அரை கிரவுண்டு கொருக்குப்பேட்டையில இருக்கு. ஓட்டு வீட்டை இடிச்சுட்டுக் கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு கட்டலாம்னு போன வருஷம் இறங்கினேன். மெயின் ரோட்ல ஒரு ஆபீஸ். வாசல்ல சினிமா பேனர் மாதிரி போர்டு, ‘ஆர்கிடெக்ட்’னு ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழம். உள்ள ஏசி. கம்ப்யூட்டர்ல என் வீட்டைச் சுத்திச் சுத்திக் காட்டினாரு, வாசல்ல ஒரு வெள்ளைக்கார அம்மா நாய் பிடிச்சுக்கிட்டு நிக்குது. பிளான், அப்ரூவல், மேற்பார்வை எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு தொகை பேசினோம். பேசினதோட சரி, எழுதிக்கல. அது என் தப்பு.

மாடிப்படிக்கு சென்ட்ரிங் அடிக்கும்போது மேஸ்திரி கூப்பிட்டாரு. “சார், ஒரு தடவ ஏறிப் பாருங்க.” பலகை மேல ஏறினேன். ஏழாவது படியில நெத்தி பீம்ல போய் இடிச்சுது. என் உயரம் அஞ்சடி நாலங்குலம்தான்! பிளானை விரிச்சுப் பார்த்தா அந்த பீமே அதுல இல்ல. அப்பத்தான் கீழ் மூலையில இருந்த சீலையும் பார்த்தேன். சிஏன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பர், ஒரு பேரு, ஒரு கையெழுத்து. போர்டுல இருக்கிற பேரு அது இல்ல. கேட்டதுக்கு, “அவர் நம்ம சீனியர் சார், சும்மா கையெழுத்துக்கு”ன்னாரு. அதுக்கப்புறம் போன் எடுக்கிறதே இல்ல.

இப்ப வேற ஒரு ஆர்கிடெக்ட் அம்மாகிட்ட போயிருக்கேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டாங்க. கடைசியில சொன்னாங்க: “பிளான்ல கையெழுத்துப் போட்டவரோட ஏற்பாடு முடிஞ்சதுன்னு நீங்க எழுத்துல குடுக்கணும். நானும் அவருக்கு ஒரு லெட்டர் போடுவேன். அது முடியாம பென்சிலைத் தொட மாட்டேன்.” வீட்ல அம்மணி, “ஏமாத்தினவனுக்கு எதுக்கு லெட்டரு, வெத்தலைபாக்கு வெச்சு அழைக்கலாமே”ங்கறாங்க. நிஜமாவே இப்படி ஒரு வழக்கம் இருக்கா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்க.

சந்தேகப் பிராணி:

அண்ணே, அந்தம்மா வேலையைத் தள்ளிப்போடப் பாக்குறாங்க. ஆர்கிடெக்ட்டுக்கு ஏது ரூலு?

பெரம்பூர் ஸ்கேல்:

ரூல் இருக்கு சார், 1989-லேர்ந்து இருக்கு. நான் ஆர்கிடெக்ட், பெரம்பூர்ல சின்ன ஆபீஸ். 1972 ஆர்கிடெக்ட்ஸ் சட்டப்படி டெல்லியில இருக்கிற ஆர்கிடெக்சர் கவுன்சில்ல பதிவு பண்ணவங்கதான் ஆர்கிடெக்ட்னு பேர் போட்டுக்கலாம். நீங்க பார்த்த அந்த சிஏ நம்பர் அதுதான், நடுவுல பதிவு பண்ண வருஷம் இருக்கும். பதிவு பண்ணவங்க எப்படி நடந்துக்கணும்னு 1989-ல தனியா விதிமுறை வந்துச்சு. சம்பளம் எவ்வளவு, என்னென்ன வேலைன்னு முன்னாடியே சொல்லி, வீட்டுக்காரர் ஒத்துக்கணும். ஒரு ஆர்கிடெக்ட் கையில இருக்கிற வேலைன்னு தெரிஞ்சா, அவரோட ஏற்பாடு முடிஞ்சதுக்கு ஆதாரமும் வேணும், நான் எடுத்துக்கறேன்னு அவருக்கு எழுத்துல சொல்லவும் வேணும். உங்க ஆர்கிடெக்ட் சொன்னது அப்படியே அதுதான்.

போர்டு விஷயம் சிரிப்பா இருக்கு. ஆபீஸ் வாசல்லயோ கட்டடத்துலயோ நாங்க பேர் போட்டா எழுத்து 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. விளம்பரம் பண்ணக் கூடாதுங்கிற விதியில இருக்கிற விலக்குகள்ல இது ஒண்ணு. என் சைட்ல எதிர் டீக்கடையோட ‘மசாலா பால்’ போர்டு என் பேரை விடப் பெருசு. முழ எழுத்துல போர்டு இருந்தாலே கொஞ்சம் யோசிக்கணும்.

லெட்டரைப் பத்தி என் கதையைச் சொல்றேன். மூணு வருஷம் முன்னாடி பெரம்பூர் பக்கம் ஒரு பழைய வீட்டை இடிச்சுட்டு நாலு போர்ஷன் கட்டணும்னு ஒருத்தர் வந்தாரு. துபாய்ல இருக்காரு, ஒரு மாச லீவு. ஏற்கனவே ஒரு பெரியவர் ஸ்கெட்ச் போட்டிருந்தாரு. “அவர் ஓல்டு ஸ்டைல் மேடம், கழட்டி விட்டாச்சு.” எழுத்துல குடுத்தீங்களான்னா, இல்ல. அவருக்குக் கட்டணம் பாக்கியான்னா, “அது பாத்துக்கலாம்.” எனக்கு அப்ப கையில வேற வேலையே கிடையாது. ஆபீஸ் வாடகை ரெண்டு மாசம் நிக்குது. ரூலாவது ஒண்ணாவதுன்னு ஒரு ராத்திரி முழுக்க மனசு சொல்லிட்டே இருந்துச்சு. காலையில எழுந்து லெட்டரை டைப் பண்ணேன், ரிஜிஸ்தர் தபால்ல போட்டேன். நாலு வரி.

நாலாம் நாள் பெரியவர்கிட்டேர்ந்து போன். திட்டப்போறாருன்னு வயித்தைக் கலக்குச்சு. முதல்ல திட்டத்தான் செஞ்சாரு, என்னை இல்ல, துபாய்க்காரரை. அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. “ஏம்மா, மண்ணு டெஸ்ட் எடுத்தாச்சா?” எடுத்தாச்சு சார், ரெண்டு இடத்துல. “எந்தெந்த மூலை?” சொன்னேன். “வடகிழக்குல எடுக்கலையே. அங்க துணி துவைக்கிற கல்லு கெடக்கும் பாரு. அதுக்குப் பின்னாடி கிணறு. இவங்க தாத்தா காலத்துலயே செங்கல் உடைசலும் குப்பையும் கொட்டி மூடிட்டாங்க. இவனுக்குத் தெரியாது, இவன் அப்ப பொறக்கவே இல்ல. அவங்கப்பாவுக்கு மாடி எடுக்கும்போது நான் பாத்தேன்.”

என் பிளான்ல மூலை பில்லர் சரியா அந்த இடத்துல.

கல்லை நகர்த்தித் தோண்டினோம். நாலடியில கறுப்புச் சேறு, உடைஞ்ச ஓடு, ஒரு பித்தளைச் சொம்பு. கடப்பாரையைக் குத்தினா தானா இறங்குது. ரெண்டு பக்கமும் நல்ல மண்ணு வந்ததால டெஸ்ட் ரிப்போர்ட் சுத்தமா இருந்துச்சு. இந்த மூலையில ஆறடி வட்டம் மட்டும் காலி. அது மேல அஸ்திவார ஃபுட்டிங் போட்டிருந்தா அந்த ஒரு மூலை மட்டும் இறங்கி, சுவர் கோணலா பிளந்திருக்கும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பில்லரைத் தள்ளிப்போட்டு, கிணத்து மேல பீமை நீட்டித் தாண்ட வெச்சாரு. பெரியவர் பாக்கி 40,000 ரூபாயை துபாய்க்காரர் மறுபேச்சு இல்லாம அனுப்பிட்டாரு, சொம்பையும் கேட்டு வாங்கிக்கிட்டாரு.

தேரடிக்காரி:

படிக்கப் படிக்க உடம்பு சிலிர்க்குது மேடம். நான் திருவொற்றியூர். எனக்கு நடந்தது டைல்ஸ் கடையில. உள்ள நுழைஞ்சதும் கடைப்பையன் கேட்ட முதல் கேள்வி “உங்க ஆர்கிடெக்ட் யாருங்க மேடம்?” எந்த ரூம், என்ன கலர், ஒண்ணும் கேக்கல. பேரைச் சொன்னேன். ஒரு மாதிரி முழிச்சுட்டு உள்ள போய் ஓனரைக் கூட்டிட்டு வந்தான். ஓனர் சிரிச்சுக்கிட்டே, “அவரா? அவர் கமிஷன் வாங்க மாட்டாரு, உங்களுக்கே கம்மி பண்ணிடறேன்”னாரு. சதுர அடி 62 ரூபா போட்டிருந்ததை அடிச்சுட்டு 57-ன்னு எழுதினாரு. எனக்குச் சந்தோஷத்தை விட பயம்தான் வந்துச்சு. இதுக்கு முன்னாடி என் நாத்தனார் வீட்டுக்கு வாங்கினப்ப அந்த அஞ்சு ரூபா எங்க போச்சு? அவங்க வீடு 2,000 சதுர அடி. கணக்குப் போட்டுப் பாத்துட்டு இன்னிக்கு வரைக்கும் அவங்ககிட்ட சொல்லல.

ஒரு சந்தேகம் மேடம், இதுக்கும் விதி இருக்கா?

பெரம்பூர் ஸ்கேல்:

இருக்கு அக்கா. கிளையண்டையோ வேலையையோ பிடிச்சுத் தர்றதுக்காகக் கமிஷன், தள்ளுபடி, பரிசு எதையும் குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாதுன்னு இருக்கு. கடைக்காரன் குடுக்கிறது அந்த வரிக்குள்ள வராதுன்னு வாதாடற ஆளுங்களையும் பாத்திருக்கேன், அதுல ரெண்டு பேரு என் கிளாஸ்மேட். நேர்மையா நடந்துக்கணும்னு தனியா ஒரு வரி இருக்கே, அதுக்கு என்ன சொல்வாங்களோ. வீட்டுக்காரர்கிட்ட சம்பளம் வாங்கிட்டு, அவர் காசுலயே கடையில இன்னொரு சம்பளம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோட கவர் வரும். முதல் வருஷம் திருப்பி அனுப்பும்போது சங்கடமா இருந்துச்சு. ரெண்டாம் வருஷம் அவங்களே அனுப்பல, ஸ்வீட்டும் நின்னுபோச்சு!

மேஸ்திரி பையன்:

நான் காசிமேட்டுக்காரன். எங்கப்பா மேஸ்திரி, இப்ப நான் கான்ட்ராக்ட் எடுத்துப் பண்றேன். ஆர்கிடெக்ட்னா எங்களுக்கு ஆவாது. வருவாரு, கண்ணாடியைத் தூக்கிப் பாப்பாரு, ஒட்ச்சுடுன்னுவாரு. ஆனா ஒரு ஆளை மட்டும் சொல்லியே ஆவணும்.

ராயபுரத்துல ஒரு வீடு. ஓனர் போர் தண்ணியிலயே கான்கிரீட் போட்டுக்கோ, லாரித் தண்ணிக்கு நான் காசு தர மாட்டேன்ட்டாரு. வாயில வெச்சா துப்பணும், அப்படி ஒரு உப்பு. நமக்கின்னா, ஓனர் சொல்றாருன்னு மோட்டாரைப் போட்டேன். அந்த ஆர்கிடெக்ட் சார் ஒரு பாட்டில்ல பிடிச்சு லேபுக்கு அனுப்பினாரு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணியில குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாதாம், இதுல அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. சைட் புக்குல எழுதி வேலையை நிறுத்திட்டாரு. நாலு நாளு. ஓனர் குதிக்கிறாரு, “உனக்குச் சம்பளம் குடுக்கிறது நானா அவனா?”ன்னு. சார் சத்தமே போடல. “உங்க வீட்டுக் கம்பி துருப்பிடிச்சு உப்பினா கூரை காரை உங்க பேத்தி தலையில உழும்”னாரு. ஓனர் கம்முனு பூட்டாரு, லாரிக்கும் காசு குடுத்தாரு.

மேட்டர் அதுக்கு அப்புறம்தான். நாலு நாளு ஆளுங்க சும்மா குந்தினு இருந்த கூலியை ஓனர் தர மாட்டேன்ட்டாரு. சார் அந்தக் கூலியை பில்லுல சேர்த்து கையெழுத்துப் போட்டாரு. நிறுத்தினது கான்ட்ராக்டர் தப்பில்லன்னு ஓனர் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு. நான் மெதந்துட்டேன். அடுத்த வாரம் ஸ்லாப்புக்குக் கம்பி கட்டியாச்சு, கம்பி பலகையைத் தொடாம அடியில வெக்கிற கவர் பிளாக் தீந்துபோச்சுன்னு ஜல்லியைக் கம்பிக்கு அடியில சொருகி வெச்சிருந்தேன். குனிஞ்சு ஒண்ணொண்ணா பொறுக்கினாரு. கைக்குட்டையில கட்டி என் கையில குடுத்துட்டு, அந்த பில்லுல என்னுது ரெண்டாயிரத்தை வெட்டிட்டாரு. பேச வாயில்ல. அதுலேர்ந்து என் வண்டி டிக்கியில ஒரு மூட்டை கவர் பிளாக் எப்பவும் கெடக்கும்.

சந்தேகப் பிராணி:

நல்ல ஆளுங்களா பாத்து எழுதறீங்க. மௌலிவாக்கத்துல 2014 ஜூன்ல 11 மாடி சரிஞ்சு 61 பேர் செத்தாங்களே, அதுக்கும் சென்னையில கட்டட அனுமதி குடுக்கிற சிஎம்டிஏவோட அனுமதி இருந்துச்சு. பேப்பர் சரியா இருந்தா ஆச்சா? அதோட, ரயில்கேட் அண்ணனை ஏமாத்துன ஆளு மேல என்ன பண்ண முடியும்? நானும் தேடிப் படிச்சேன். ஆர்கிடெக்ட் இல்லாதவன் அந்தப் பேரை வெச்சுக்கிட்டா 1972 சட்டத்துல முதல் தடவைக்கு எழுதி வெச்ச அபராதம் 500 ரூபா வரைக்கும். வண்ணாரப்பேட்டையில ரெண்டு பேரு பிரியாணி சாப்பிட்டா காலி.

பெரம்பூர் ஸ்கேல்:

அது நியாயமான கோவம்தான், நான் மறுக்கல. இன்னொண்ணும் சொல்லிடறேன், 2020-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, சட்டம் காப்பாத்துறது ‘ஆர்கிடெக்ட்’ங்கிற பேரை மட்டும்தான், பதிவில்லாதவங்க வீடு டிசைன் பண்றதை அது தடுக்கலன்னு. அதனால போர்டுக்காரரைக் கவுன்சிலோட ஒழுக்க விதியால தொட முடியாது. ஆனா கையெழுத்துப் போட்டவரைத் தொட முடியும். அவர் பதிவு பண்ண ஆளு. புகார் குடுத்து விசாரணையில நிரூபணமானா கண்டிக்கலாம், கொஞ்ச காலம் தொழில் பண்ண விடாம நிறுத்தலாம், பதிவேட்லேர்ந்து பேரையே எடுக்கலாம். ரயில்கேட் சார், அவர் யாருன்னாவது நேர்ல போய்ப் பாத்தீங்களா?

கொருக்குப்பேட்டை ரயில்கேட்:

எல்லாருக்கும் நன்றி. கிணத்துக் கதையை அம்மணிக்குப் படிச்சுக் காட்டினேன். “சரி, போய்ட்டு வாங்க”ன்னாங்க.

நேத்து போனேன். சீல்ல இருந்த விலாசம் மாதவரம் பக்கம் ஒரு அபார்ட்மென்ட், ரெண்டாவது மாடி. என் வயசுதான் இருக்கும், லுங்கி, காதுல மெஷினு. ஆர்கிடெக்ட் அம்மாவோட லெட்டர் முந்தாநாளே போய்ச் சேர்ந்திருக்கு, டீப்பாய் மேல பிரிச்சுக் கெடந்துச்சு. உக்காருங்கன்னாரு, தண்ணி குடுத்தாரு. நான் எழுதிட்டுப் போனதை நீட்டினேன். ரெண்டு தடவை படிச்சாரு. பேனாவைத் தேடி எடுத்து, ‘பெற்றுக்கொண்டேன்’னு எழுதி, அதே கையெழுத்தைப் போட்டாரு. பிளான்ல இருக்கிற அதே சுழி, அதே கோடு. அழகான கையெழுத்துதான்.

பேப்பரை மடிச்சு என்கிட்ட குடுக்கும்போது கேட்டாரு: “சார், தப்பா நெனைக்காதீங்க. இது எந்த வீடு?”