அம்மாவுக்குச் சொல்லத் தகுந்த துப்பறியும் நாவல்கள்: பழங்காலக் கதையாகவும் இதமானதாகவும் வேண்டும்

கேள்வி: கோத்தகிரிப் பனி

அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் கம்பியின் மேல் சாய்ந்தாலே போதும், இரவு முழுவதும் மின்சாரம் இருக்காது. அந்த இரவுகளில், பகலில் நான் படித்த ஆங்கிலத் துப்பறியும் நாவலைப் பகுதி பகுதியாக அம்மாவுக்குத் தமிழில் சொல்வது வழக்கமாகிவிட்டது. தமிழ்வாணனின் சங்கர்லாலையும் தேவனின் சாம்புவையும் தொடராக வந்த காலத்திலிருந்தே படித்த அவருக்கு, இப்போது கண் பார்வை மங்கிவிட்டது.

சென்ற மாதம் தொடர் கொலைகாரன் ஒருவனைப் பற்றிய கதையைத் தொடங்கினேன். பிணத்தின் வர்ணனை வந்ததும் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். மாறாக, அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் கதை அவருக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் உட்கார்ந்து பின்னல் வேலை செய்யும் கிழவிக்கு எப்படி எல்லாம் தெரிகிறது என்று நான் வியந்தபோது, “வீட்டில் இருக்கிறவளுக்குத்தானே எந்த வீட்டில் எப்போது விளக்கு அணைகிறது என்று தெரியும்” என்றார். அம்மாவுக்குச் சரித்திரக் கதைகளிலும் ஈடுபாடு உண்டு. இரண்டும் கலந்த, ஆனால் இரத்தம் தெறிக்காத நாவல்கள் இருந்தால் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

பதில் 1: குன்னூர் ரயிலடி

யோசிக்கவே வேண்டாம், எல்லிஸ் பீட்டர்ஸ் எழுதிய சகோதரர் காட்ஃபேல் வரிசையில் தொடங்குங்கள். முதல் நாவல் 1977இல் வந்தது. மொத்தம் 20 நாவல்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஸ்டீபன் மன்னருக்கும் மாட்டில்டாவுக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடக்கும் காலத்தில், ஷ்ரூஸ்பரி மடத்தில் கதைகள் நிகழ்கின்றன. காட்ஃபேல் இளமையில் சிலுவைப் போரில் சண்டையிட்டு, கடலோடியாகவும் இருந்து, நடுவயதில் துறவியாகி, மடத்தின் மூலிகைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர். ஊரில் யாருக்கு என்ன வலி, யார் எந்த மருந்துக்கு வந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும் என்பதால், மிஸ் மார்ப்பிளை விரும்பியவருக்கு இவரும் பிடிப்பார்.

அம்மாவுக்குச் சொல்வதற்கு மூன்றாவது நாவலான ‘மங்க்ஸ் ஹுட்’ மிகப் பொருத்தம். மூட்டு வலிக்குத் தேய்ப்பதற்காகக் காட்ஃபேல் தன் கையாலேயே காய்ச்சிய தைலம், ஒருவருடைய உணவில் கலந்து அவரைக் கொன்றுவிடுகிறது. வச்சநாபி இனத்துச் செடியின் வேரில் செய்த தைலம் அது. தேய்த்தால் மருந்து, வயிற்றுக்குள் போனால் விஷம். நூலாசிரியர் இளமையில் மருந்துக்கடை ஒன்றில் உதவியாளராக வேலை பார்த்தவர். அந்தப் பழக்கம் எழுத்தில் தெரிகிறது என்பது என் எண்ணம். கொலை உண்டு, கொடூரம் இல்லை.

பதில் 2: தொட்டபெட்டா வாசகர்

குன்னூர் நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சரித்திரப் பின்னணி என்றாலே இதமாக இருக்கும் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். நான் அப்படி ஏமாந்தவன். மடம், துறவி, மர்மச் சாவு என்ற ஒற்றுமையைப் பார்த்து உம்பெர்ட்டோ எக்கோவின் ‘தி நேம் ஆஃப் தி ரோஸ்’ நாவலை எடுத்தேன். 1327ஆம் ஆண்டில் நடக்கும் அந்தக் கதை மகத்தானதுதான். ஆனால் சமய விவாதங்கள் பக்கம் பக்கமாக நீள்வதால், விளக்கு வெளிச்சத்தில் வாய்மொழியாகச் சொல்ல முயன்றால் சொல்பவரே முதலில் உறங்கிவிடுவார்.

டச்சுத் தூதரக அதிகாரி ராபர்ட் வான் கூலிக் எழுதிய நீதிபதி டீ கதைகளும் அப்படித்தான், யோசித்து எடுக்க வேண்டியவை. தாங் வம்சத்துச் சீனாவில் துப்பறிபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே என்பது சுவையான ஏற்பாடு. எனினும் பெரும்பாலும் ஒரே நாவலில் மூன்று வழக்குகள் பின்னிக்கொண்டு ஓடும். நீதிமன்றத்தில் சித்திரவதையும் வரும். நீங்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பதில் 3: உதகை நூலகப் படிக்கட்டு

அம்மா கூட்டுக்குடும்பம் பார்த்தவர் என்றால், கிறிஸ்டியின் ‘டெத் கம்ஸ் அஸ் தி எண்ட்’ நாவலைச் சொல்லிப் பாருங்கள். 1944இல் வந்த இந்தக் கதை கி.மு. 2000 வாக்கில் எகிப்தில் நடக்கிறது. வீட்டுத் தலைவர் ஓர் இளம் ஆசைநாயகியை அழைத்து வருகிறார். மகன்கள், மருமகள்கள், சாவிக்கொத்துச் சண்டை, பொறாமை என்று வீடே கொதிக்கிறது. பார்வை மங்கிய பாட்டி ஒருத்தி மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் கணக்குப் போடுகிறாள். சாவுகள் கொஞ்சம் அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் வர்ணனை அடங்கியே இருக்கும்.

ஜோசபின் டேயின் ‘தி டாட்டர் ஆஃப் டைம்’ நாவலைப் பலரும் சொல்வார்கள். கால் முறிந்து மருத்துவமனையில் படுத்திருக்கும் காவல் அதிகாரி, பழைய இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ரிச்சர்டு உண்மையிலேயே தன் அண்ணன் மக்களைக் கொன்றானா என்று ஏடுகளை வைத்தே ஆராய்கிறார். எனக்கு உயிரான நூல். காதால் கேட்பவருக்கு மட்டும் அத்தனை எட்வர்டுகளும் ரிச்சர்டுகளும் குழம்பிவிடும்.

தமிழிலேயே வேண்டுமென்றால், சுஜாதா தம் கணேஷையும் வசந்தையும் இராஜராஜ சோழன் காலத்துக்கு அனுப்பிப் பார்த்த ‘காந்தளூர் வசந்தகுமாரன் கதை’ இருக்கிறது. துப்பறிதலை விடக் குறும்பு அதிகம். மொழிபெயர்க்கும் வேலை இல்லை, அப்படியே வாசித்துக் காட்டலாம்.

மறுமொழி: கோத்தகிரிப் பனி

மூவருக்கும் நன்றி. ‘மங்க்ஸ் ஹுட்’ மின்நூலாகக் கிடைத்தது. இரண்டு இரவுகள் சொல்லியாயிற்று. தைலம் பற்றிய இடம் வந்ததும் அம்மா குறுக்கிட்டு, “அந்தக் குப்பி இருக்கும் இடம் யார் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார். காட்ஃபேலும் அடுத்த பக்கங்களில் அதைத்தான் தேடுகிறார். கதையை நிறுத்தி விளக்கைத் தணித்த பிறகு, தலைமாட்டில் இருக்கும் நீலகிரித் தைலக் குப்பியை எடுத்து மேல் அலமாரியில் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டேன். எகிப்துக் கதையை அடுத்த வாரம் தொடங்குவதாக இருக்கிறேன்.