சென்னையை விட்டுக் கிளம்புகிறோம்: கடையமா, தேன்கனிக்கோட்டையா?

மாடித்தோட்டக்காரன்

வணக்கம். நாலு வருஷமாக இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 41 வயது. பல்லாவரத்தில் வாடகை வீடு, மனைவி ஆசிரியை, மகள் மூன்றாம் வகுப்பு, கூடவே அம்மா (சர்க்கரை, ரத்தக்கொதிப்பு இரண்டும் உண்டு). மாடியில் ஆறு வருஷமாகத் தக்காளி, கத்தரி, கீரை போட்டு வருகிறேன். மண்ணில் இறங்கிய அனுபவம் என்றால் கடவூரில் நம்மாழ்வாரின் இயற்கை விவசாயப் பண்ணையான வானகத்தில் கலந்துகொண்ட சில நாள் பயிற்சி மட்டும்தான், அதனால் விவசாயம் செய்து சம்பாதிப்பேன் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வேண்டிய அரிசி, காய், கொஞ்சம் பருப்பு, இரண்டு நாட்டு மாடு, இருபது கோழி, ஒரு சின்ன ஓட்டு வீடு. ஆசை அவ்வளவுதான். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று அலுவலகத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள், ஆக இணையம் கட்டாயம் வேண்டும்.

கையில் இருப்பது மொத்தம் 45 லட்சம், நிலம் கிணறு வீடு எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். மூன்று இடம் பார்த்தோம். கடையத்துக்கும் சிவசைலத்துக்கும் நடுவில் 2 ஏக்கர் 20 சென்ட், கிணறோடு. தேன்கனிக்கோட்டையைத் தாண்டி 2 ஏக்கர், போர் (ஆழ்துளைக் கிணறு) இருக்கிறது. செங்கம் பக்கம் ஒன்றரை ஏக்கர், சும்மா கிடக்கிற புஞ்சை. கடையத்துக்கு ஜூலையில் போனோம், சாரல், மலை முழுக்க மேகம், கிணற்றில் கை விட்டால் தண்ணீர். என் மகள் திரும்பி வரவே மாட்டேன் என்று அழுதாள். தரகர் "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல சார், பத்து நாள்ல அட்வான்ஸ் போட்ருங்க" என்கிறார். எதை வைத்து முடிவு செய்வது?

---

கடனாக்கரை

தம்பி, ஆடி மாசம் எங்க ஊரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. அதனால்தான் ஜூலையில் நிலம் காட்டுகிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான், கடையத்துக்குக் கிழக்கே மூன்று ஏக்கர் எலுமிச்சையும் தென்னையும் இருக்கிறது, அதனால் ஊரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம்.

சாரல் என்பது செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இழுத்துக்கொண்டு வருவது. குற்றாலம், செங்கோட்டை, தென்காசி வரைக்கும் அது மழை. கிழக்கே போகப் போக வெறும் காற்று, ஆலங்குளம், சங்கரன்கோவில் போய்ச் சேரும்போது புழுதிக்காற்று. கடையம் இரண்டுக்கும் நடுவில். சாரலில் எங்கள் முகம் நனையும், கிணறு ஊறாது. கிணற்றை நிரப்புவது ஐப்பசி கார்த்திகை மழைதான். கடனா அணை 85 அடி, இராமநதி 84 அடி, இரண்டும் சின்ன அணைகள். வடகிழக்குப் பருவமழை ஒரு வருஷம் ஏமாற்றினால் அடுத்த மே மாதம் எங்கள் பாடு திண்டாட்டம். நீங்கள் கை விட்ட கிணறு மலையடிவார ஓடையை ஒட்டி இருக்கலாம், அல்லது அந்த வாரம் அணையில் தண்ணீர் திறந்து பக்கத்துக் கால்வாய் ஓடியிருக்கலாம். எனக்குத் தெரியாது. தரகருக்கும் தெரிந்திருக்காது.

ஒன்று செய்யுங்கள். சித்திரை கடைசியில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது வாருங்கள். கயிற்றில் கல் கட்டி இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, அடியில் எவ்வளவு கிடக்கிறது என்று அளக்க வேண்டும். அப்புறம் மோட்டாரைப் போட்டுக் கிணற்றை வற்ற இறைத்துவிட்டு அங்கேயே உட்காருங்கள், பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பார்க்கத்தான். எங்கள் கிணறு நல்ல வருஷத்தில் ராத்திரிக்குள் ஊறிவிடும். 2017 கோடையில் ஒன்றரை நாள் ஆனது, அரை மணி நேரம் ஓடினாலே மோட்டார் காற்றை இழுத்தது. கிணற்றுச் சுவரையும் உற்றுப் பாருங்கள். கல்லில் வெள்ளையாக, கறுப்பாக, பச்சையாகக் கோடு கோடாக இருக்கும், தண்ணீர் எங்கெங்கே நின்றது என்று அதுவே சொல்லும், தரகர் பேச்சு தேவைப்படாது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று உங்களுக்கே ஒரு கணக்கு வேண்டும். ஏக்கருக்கு 70 தென்னை என்றால் கோடையில் மரத்துக்கு நாளைக்கு 60, 70 லிட்டராவது, சொட்டுநீரில்கூட. கிட்டத்தட்ட 5,000 லிட்டர் ஆச்சா? நெல் போட வேண்டும் என்றால் ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்துக்கு 40 லட்சம் லிட்டருக்கு மேல். வீட்டுக்கு அரிசி வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதைத் திரும்ப யோசியுங்கள். அரிசி கடையில் கிடைக்கும்.

இன்னொன்று, சிவசைலம் பக்கம் மலையை ஒட்டி வாங்காதீர்கள். படத்துக்கு அழகாக இருக்கும். ராத்திரி பன்றி வரும், சில சமயம் கரடியும். நிலக்கடலையோ சர்க்கரைவள்ளியோ போட்டால் நமக்கு மிஞ்சாது. அடிவாரத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளிப் பாருங்கள், மலை அங்கிருந்தும் தெரியும்.

---

ராகிக்கொல்லை

தேன்கனிக்கோட்டை பற்றி நான் சொல்கிறேன், தளி ரோட்டில் இருக்கிறேன். குளிர், காற்று, பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் நன்றாக வரும். ஓசூர் பக்கம் என்பதால் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்துக்குக் கவலை இல்லை, அம்மாவுக்கு அது முக்கியம். கிராமத்தில் தெலுங்கும் கன்னடமும்தான் அதிகம் கேட்கும், உங்கள் பொண்ணு ஆறே மாதத்தில் மூன்று மொழி பேசும்.

ஆனால் ஐப்பசி கார்த்திகை தொடங்கினால் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, நொகனூர் காட்டுக்குள் வந்துவிடும். ராகிக் கதிர் முற்றுகிற நேரம் அதற்குத் தெரியும். தை மாதம் வரைக்கும் ராத்திரி பரண்மேல் உட்கார்ந்து தகரம் தட்டுவதுதான் எங்கள் வேலை. சோலார் வேலி போட்டால் வராது என்று விற்கிறவர் சொல்வார். மரத்தைச் சாய்த்து வேலிமேல் போட்டுவிட்டு உள்ளே வந்ததை நானே பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்த்த நிலம் காட்டிலிருந்து எவ்வளவு தூரம்? அதைச் சொல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

போர் இருக்கிறது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது, இப்போது எத்தனை இஞ்ச் தண்ணீர் தள்ளுகிறது, கேட்டீர்களா? என் பக்கத்துத் தோட்டக்காரர் 900 அடி இறக்கினார், வந்தது வெறும் புகை. மூன்று லட்சம் போச்சு. தண்ணீர் வந்தாலும் குடிக்கிற பதமா என்று சோதித்துப் பாருங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் ஆழ்துளைத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக்கூடாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தையே அதற்காகத்தான் கொண்டுவந்தார்கள், 2013-இல். சோதனைக்கு முன்னால் ஒரு சுலப வழி இருக்கிறது: அந்த ஊர் ஆரம்பப் பள்ளி விடுகிற நேரம் வாசலில் நின்று பிள்ளைகள் சிரிக்கும்போது பல்லைப் பாருங்கள். பழுப்புக் கறை நிறைய பேருக்கு இருந்தால் வண்டியைத் திருப்பிவிடலாம்.

---

சங்கிலிஅளவு

35 வருடம் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். தண்ணீரை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் தாள் பற்றி மட்டும்.

கடையம் நிலத்தின் பட்டாவைப் பார்த்தீர்களா? 2 ஏக்கர் 20 சென்ட் என்றால் பட்டாவில் ஹெக்டேர் கணக்கில் 0.89.00 என்று இருக்க வேண்டும், அதாவது 89 ஏர். அது தனிப்பட்டாவா கூட்டுப்பட்டாவா என்பது முதல் கேள்வி. கூட்டுப்பட்டா, அதாவது பலர் பெயர் சேர்ந்தது என்றால், அவர் பங்கை உட்பிரிவு செய்து தனிப்பட்டாவாக மாற்றித் தரச் சொல்லுங்கள், பிறகு கிரயம். "அதெல்லாம் வாங்கின பிறகு மாத்திக்கலாம் சார்" என்பார்கள். அந்த வாக்கியத்தை நம்பி வாங்கிவிட்டுப் பத்து வருடம் நீதிமன்றத்துக்கு நடந்தவர்களின் நிலத்தை நான் அளந்திருக்கிறேன்.

அடுத்தது பாதை. புலப்படத்தை (அளவைத் துறையின் நில வரைபடம்) எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தார்ச்சாலையிலிருந்து நிலம் வரைக்கும் நடந்து போங்கள். வண்டி போகிற தடம் படத்தில் இருக்கிறதா, அல்லது வேறு ஒருவர் பட்டா நிலத்தில் அவர் தயவில் ஓடுகிறதா? தயவு என்றால் அவர் மகன் காலத்தில் முள்ளைப் போட்டு அடைப்பான். பத்திரத்தில் பாதை உரிமை எழுதியிருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின்மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் அதில் தெரியும்) 30 வருடத்துக்காவது போட்டுப் பாருங்கள், மூலப்பத்திரம் அசலைக் கண்ணால் பாருங்கள். அ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வருவாய்த்துறைப் பதிவேடு) பஞ்சமி நிலமா, பூதான இயக்கத்தில் தானமாக வந்த நிலமா, கோயிலுக்கு விட்ட இனாமா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பஞ்சமி நிலம் 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒதுக்கியது, மற்றவர் வாங்கினால் செல்லாது, சட்டத்தை விடுங்கள், அது நியாயமும் இல்லை. விலை ரொம்ப மலிவாக இருக்கிறதே என்று தோன்றினால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கிணற்று மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது? இலவச விவசாய இணைப்பு புதிதாக வாங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இருப்பதைப் பெயர் மாற்றி வாங்குவது நல்லது. அதிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுக்காதீர்கள், வீட்டுக்குத் தனி இணைப்பு.

---

பொன்னிறக்கோழி

நான் போய்விட்டுத் திரும்பி வந்தவள், அதனால் கொஞ்சம் கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். செங்கம் பக்கம்தான், இரண்டரை வருஷம். நிலம் நல்ல நிலம், கிணறும் குறை சொல்ல முடியாது. வேறு காரணம்.

மாடு இருந்தால் காலை ஐந்து மணிக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்கும் ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் தாலி கட்டுகிற நேரம் போய்ச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு ஓடி வந்தேன். ஆள் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு, நடவு நேரத்தில் நூறு நாள் வேலை நடந்தபோது எங்கள் களையை நாங்களேதான் பிடுங்கினோம். மாமியாருக்கு ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. 108 வந்தது, ஆனால் எங்கள் தடம் வரைக்கும் வர முடியாமல் தார்ச்சாலையில் நின்றது, நாங்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். சங்கிலிஅளவு ஐயா சொல்கிற பாதை வழக்குக்கு மட்டும் இல்லை, இதற்கும்தான்.

ஊர்க்காரர்கள் நல்லவர்கள். ஆனால் முதல் மாசமே "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்டார்கள். சொன்ன பிறகு சில வீடுகளில் காபி கொடுக்கிற டம்ளர் மாறியது. இதைப் பற்றி இந்த மாதிரி இழைகளில் யாரும் எழுதுவதில்லை, எழுத வேண்டும். எந்தத் தெருவுக்கு எந்தப் பக்கம் நிலம் இருக்கிறது என்பதும் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பகுதிதான்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். உங்கள் மகள் அழுதாள் என்று எழுதினீர்கள், தரகர் பேசினார், உங்கள் ஆசையும் தெரிகிறது. உங்கள் மனைவி என்ன சொன்னார்? பதிவு முழுக்க அவர் வாயே திறக்கவில்லையே.

---

தெம்பனிஸ்தமிழன்

சிங்கப்பூரில் இருக்கிறேன், இந்தியப் பாஸ்போர்ட்தான். அண்ணா, செங்கம் நிலத்தில் நானும் பாதிப் பணம் போட்டு என் பெயரில் பாதி எழுதிக்கொள்ளலாமா?

---

சங்கிலிஅளவு

முடியாது தம்பி. வெளிநாட்டில் வசிக்கும்வரை உங்கள் பெயரில் விவசாய நிலம் கிரயம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் இடமில்லை. அப்பா வழியில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வேறு ஒருவர் பெயரில் வாங்கிப் போடலாமே என்று அடுத்து கேட்பீர்கள், கேட்காதீர்கள்.

---

மாடித்தோட்டக்காரன்

எல்லாருக்கும் நன்றி. பொன்னிறக்கோழி அக்கா, உங்கள் பதிவை அப்படியே மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு "இத நான் மூணு மாசமா சொல்றேன், யாரோ எழுதினாத்தான் உங்களுக்கு ஏறும்" என்றாள். அவளுக்கு வர விருப்பம் உண்டு, ஆனால் முதலில் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்க்கலாம், மாடு இரண்டாம் வருஷம், அம்மா ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத்துக்குள் போகிற இடமாக இருக்க வேண்டும் என்கிறாள். நான் வாடகையை வீண் செலவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தேன்கனிக்கோட்டை நிலத்துக்குப் பின்வேலியே காடுதான், விட்டுவிட்டோம். செங்கம் நிலத்துக்குப் புலப்படம் எடுத்தேன், பாதை இல்லை. கடையம் தரகரிடம் சித்திரையில் வந்து கிணற்றை இறைத்துப் பார்க்கிறேன் என்றேன். "அதுவரைக்கும் நிலம் நிக்காது சார்" என்று வைத்துவிட்டார். பட்டா நகல் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

பங்குனியில் மகளுக்குப் பரீட்சை முடிகிறது. பாவூர்சத்திரம், கடையம் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறோம். கடனாக்கரை அண்ணாச்சி, அந்தப் பக்கம் யாராவது வீடு விடுகிறார்களா?

---

கடனாக்கரை

பாவூர்சத்திரம் சரியான இடம், காய்கறிச் சந்தை இருக்கிறது, எந்தக் காய் எந்த மாசம் என்ன விலைக்குப் போகிறது என்று தினமும் கண்ணால் பார்க்கலாம், தென்காசி பெரிய ஆஸ்பத்திரியும் பக்கம். என் சித்தப்பா வீடு ஒன்று கீழப்பாவூரில் பூட்டிக் கிடக்கிறது. பின்னால் எட்டு சென்ட் சும்மா இருக்கிறது, வீட்டுக் கிணறும் உண்டு. ஓடு நாலைந்து மாற்ற வேண்டும், கழிப்பறைக் கதவு சரியில்லை. பேசிப் பார்க்கிறேன்.

பொதிகை ரயிலில் ராத்திரி ஏறினால் காலையில் தென்காசியில் இறங்கலாம், வந்து போன் பண்ணுங்கள். அந்தக் கிணற்றையும் அப்போதே இறைத்துப் பார்த்துவிடுவோம். கயிறு நீங்கள் கொண்டுவர வேண்டாம், என்னிடம் இருக்கிறது.