லயத்தில் ஒரு கிடார்: தனியாகவே வாசிக்கலாமா, குழுவில் சேரலாமா?

பெரியாறு ஆறுகம்பி

வணக்கம். வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருக்கிறேன். ஒன்பது வருடமாகக் கிடார் வாசிக்கிறேன். வாத்தியார் யாரும் இல்லை, யூடியூபும் நானும்தான். வேலை முடிந்து வந்து குளித்து, ஒரு கட்டஞ்சாயா குடித்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது. முப்பது நாற்பது பாட்டு முழுசாகத் தெரியும் என்று போன மாதம் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் கம்பத்தில் ஒரு மெல்லிசைக் குழுவின் கிடார்காரருக்குக் கையில் அடி. தெரிந்தவர் ஒருவர் என் பெயரைச் சொல்ல, ஒத்திகைக்குக் கூப்பிட்டார்கள். மறுநாள் கோயில் கச்சேரி. முதல் பாட்டுக்கே பாடகி, "எனக்கு அஞ்சரைக் கட்டை" என்றார். எனக்குக் கட்டை என்றால் விறகுதான் தெரியும். ஜி ஷார்ப் என்று யாரோ சொல்லித்தந்தார்கள். வீட்டில் ஜி-யில் சுகமாக வாசித்த பாட்டு. அதை அரை சுரம் ஏற்றி, எல்லாவற்றையும் பார் கார்டாக (ஒரு விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் கூட்டுச் சுரமாக) பிடித்து, இரண்டாவது சரணத்துக்குள் விரல் விறைத்து, ஒரு தாளவட்டம் பின்னால் நின்றேன். டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். மூன்றாவது பாட்டில் என் சத்தமே கேட்கவில்லை. மிக்சரில் என்னைக் குறைத்துவிட்டார்கள். கை ஓடுகிறது, ஒன்றும் வரவில்லை. பாட்டு முடியும்வரை அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி பஸ்ஸில் குமுளி ஏறும்போதே முடிவு பண்ணிவிட்டேன். மறுநாள் காய்ச்சல் என்று போனில் சொல்லிவிட்டேன்.

தனியாகவே வாசித்துக்கொண்டு இருந்துவிடலாமா? பொழுதுபோக்குதானே?

போடி ஏலம்

இருந்துவிடலாம் தம்பி. தாராளமாக.

காலையிலிருந்து சாயங்காலம் வரை எனக்கு ஏலக்காய் விலை, எடை, ஈரம் என்று நாலு பேரோடு பேசியே வாய் வலிக்கும். ராத்திரி கதவைச் சாத்திவிட்டுக் கிடாரை எடுத்தால் அங்கே பேரம் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான்.

கிடார் ஒரே ஆளுக்குப் போதுமான வாத்தியம். கட்டைவிரல் தடித்த கம்பிகளில் பேஸ் போடும், மற்ற விரல்கள் மேலே மெட்டை எடுக்கும், நடுவில் கார்டும் நிற்கும். வயலினுக்கோ புல்லாங்குழலுக்கோ இந்த வசதி இல்லை. ஸ்பெயினின் கிடார் கலைஞர் டாரெகா இந்த வழிக்காகவே பாடங்கள் எழுதினார். செகோவியா மைக்கே வைக்காமல் பெரிய பெரிய அரங்குகளில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து வாசித்தார். இது என்ன தேரா, ஊர் கூடி இழுக்க?

கம்பம் கீபோர்டு

போடி அண்ணன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தம்பிக்கு அது விஷம்.

இருபத்தாறு வருடமாக மேடையில் நிற்கிறேன். ரூமுக்குள் வாசித்தே வளர்ந்த பையன்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். விரல் நன்றாக ஓடும். காதுதான் வேலை செய்யாது. கண்ணாடி இல்லாத வீட்டில் தலை சீவிக்கொண்டு வந்த மாதிரி இருப்பார்கள். வகிடு எங்கே போகிறது என்று அவர்களுக்கே தெரியாது.

தனியாக வாசிக்கும்போது எஃப் கார்டு வருகிற இடத்தில் என்ன ஆகிறது? விரலைப் பார்க்கிறாய், அடுக்குகிறாய், அழுத்துகிறாய், அப்புறம்தான் அடிக்கிறாய். பாட்டு உனக்காகக் காத்திருக்கிறது. ஒன்பது வருடம் காத்திருந்தால் அந்த நிறுத்தமே பாட்டாகிவிடும். டிரம்ஸ்காரர் காத்திருக்கமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒன்று செய். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு எழுபது தட்டில் வை. உனக்கு மிகப் பிடித்த பாட்டை முழுசாக வாசித்து போனில் பதிவு செய். மறுநாள் கேள். அன்றைக்கே கேட்காதே, கை வாசித்த சூடு காதை ஏமாற்றும்.

அப்புறம் செகோவியாவைச் சொன்னவருக்கு ஃபிரெடி கிரீனையும் சொல்லிவிடுகிறேன். கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937-ல் சேர்ந்தவர், 1987-ல் சாகும்வரை ஏறக்குறைய 50 வருடம் அதே குழு. தனி வாசிப்பு என்று அவர் முன்னால் வந்தது மிக அபூர்வம். அடிக்கு ஒரு கார்டு, அவ்வளவுதான். அந்தக் குழு நடக்கிற நடையே அவர் கை என்று சொல்வார்கள்.

கூடலூர் பன்னீர்

லயத்தில் குடியிருந்துகொண்டே லயம் தப்பினால் எப்படி தம்பி?

(மன்னிக்கவும், கை சும்மா இருக்கவில்லை. திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு வந்து சண்டையைப் படிக்கிறேன். தொடருங்கள்.)

போடி ஏலம்

பக்கத்து ஊர் பண்ணைப்புரத்து ஆளையே சொல்கிறேன். இளையராஜா கிளாசிக்கல் கிடாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதித் தங்கப் பதக்கம் வாங்கியவர். அதைக் குழுவோடு சேர்ந்து அடித்துக்கொண்டா வாங்க முடியும்? நோட்ஸைப் படித்து, தனியாக உட்கார்ந்து, விரல் தேய வாசித்தால்தான் வரும்.

கம்பம் கீபோர்டு

அதற்கு முன்னால் எங்கே இருந்தார் அண்ணே? அண்ணன் பாவலர் வரதராசன் குழுவோடு ஊர் ஊராகப் போய் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். நீங்கள் பதக்கத்தைச் சொல்கிறீர்கள். நான் அதற்கு முந்தைய மேடையைச் சொல்கிறேன்.

குமுளி டீச்சர்

ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து ராஜாவை இழுத்தது போதும், அவர் பாவம். அங்கே தம்பி கேள்வி கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார்.

நான் சர்ச்சில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு கிடார் பையன்கள் இருக்கிறார்கள். தம்பி, முதலில் அந்தக் கட்டை விஷயத்தை முடித்துவிடுவோம். ஒரு கட்டை என்றால் சி. இரண்டு டி, மூன்று இ. நான்கு என்றால் எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரை சேர்ந்தால் ஷார்ப். மூன்றரையும் ஏழரையும் மட்டும் கிடையாது (ஏழரை வேண்டுமென்றால் ஜோசியரிடம் போகவேண்டும்). அஞ்சரை என்றால் ஜி ஷார்ப். கேப்போவை (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) முதல் ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தின் முதல் கட்டத்தில்) மாட்டிவிட்டு, நீ வீட்டில் வாசிக்கும் அதே ஜி வடிவங்களையே பிடித்திருக்கலாம். பாட்டு முழுக்கக் கூடுதலாக ஒரு பார் கார்டு கூட வந்திருக்காது. இருநூறு ரூபாய் சாமான் இல்லாததால் வந்த அவமானம் அது. அதற்குப் போய்ப் பெரிய முடிவெல்லாம் எடுக்காதே.

இரண்டாவது, உன் மேல் மட்டும் தப்பில்லை. புதுப் பையனை ஒரே ஒரு ஒத்திகைக்குக் கூப்பிட்டு, பாட்டுப் பட்டியலைக் கூட முன்கூட்டித் தராமல், சரிவரவில்லை என்றதும் சொல்லாமல் சத்தத்தைக் குறைப்பது என்ன மரியாதை?

கம்பம் கீபோர்டு அண்ணா, ஒரு சந்தேகம். அந்தக் குழு உங்களுடையதா?

கம்பம் கீபோர்டு

இல்லை டீச்சர். ஆனால் பொய் சொல்லமாட்டேன், நானும் அப்படிக் குறைத்திருக்கிறேன். மறுநாள் கச்சேரி, முன்பணம் வாங்கியாயிற்று, ஒத்திகை முடிய இன்னும் பதினெட்டுப் பாட்டு இருக்கிறது. உட்கார்த்திச் சொல்லித்தர நேரம் எங்கே? அவனைப் பார்த்து "நீ தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்வதைவிட, அது பரவாயில்லை என்று நினைத்துத்தான் செய்தேன்.

இப்போது தம்பி எழுதியதைப் படித்தபிறகு அப்படித் தோன்றவில்லை.

பெரியாறு ஆறுகம்பி

டீச்சர், நன்றி. கட்டைக் கணக்கை எழுதி வைத்துக்கொண்டேன்.

பீர்மேட்டில் ஒரு நண்பன் தபலா வாசிப்பான். இரண்டு பேருக்கும் லீவு ஒத்துவருவதில்லை. போனில் வீடியோ கால் போட்டுச் சேர்ந்து வாசித்துப் பார்க்கலாமா என்று நினைக்கிறேன். மேடையும் வேண்டாம், தனிமையும் வேண்டாம் என்று இருக்கிறது.

கம்பம் கீபோர்டு

வேண்டாம். சண்டையாகிவிடும்.

ஒலி காற்றில் ஒரு விநாடிக்கு 340 மீட்டர் சொச்சம் போகிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்கிறவன் அடித்தது உன் காதுக்கு வர 30 மில்லி செகண்டு ஆகும். அந்தத் தாமதத்திலேயே தாளம் இழுபட ஆரம்பிக்கும். அதனால்தான் மேடையில் டிரம்ஸும் பேஸும் ஒட்டி நிற்கும். போன் காலில் நூறு மில்லி செகண்டுக்கு மேல் சாதாரணமாகவே போய்விடும். அவன் அடித்தது உனக்குத் தாமதமாகக் கேட்கும், அதற்கு ஏற்ப நீ அடித்தது அவனுக்கு இன்னும் தாமதமாகப் போகும். ஒருத்தருக்காக ஒருத்தர் காத்திருந்து காத்திருந்து நாலு நிமிடப் பாட்டு படுத்துவிடும். அவன் தபலாவைப் பதிவு செய்து அனுப்பச் சொல். அதன்மேல் வாசி. அது கொஞ்சம் உருப்படி.

குமுளி டீச்சர்

அந்தப் பத்து மீட்டர் கணக்கு சரிதான். எங்கள் சர்ச்சில் ஒரு கிடார் பலிபீடத்துப் பக்கமும் இன்னொன்று பின் மாடியிலும் இருந்தன. இரண்டு வருடம் பையன்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்த அன்று சரியாகிவிட்டது. திட்டியதற்கு ஆளுக்கு ஒரு பழம்பொரி வாங்கிக்கொடுத்தேன்.

போடி ஏலம்

எல்லாரும் சேர்ந்து தம்பியை மேடைக்கு ஏற்றாமல் விடமாட்டீர்கள் போல. நானும் குழுவில் இருந்தவன்தான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்து வயதில் மூன்று வருடம். ஏழு மணிக்கு ஆரம்பிக்கவேண்டிய கச்சேரி, பிரமுகர் வராததால் பத்து மணிக்கு ஆரம்பிக்கும். ஐந்து மணியிலிருந்து சட்டை மாட்டி உட்கார்ந்திருப்பேன். நாலு மணி நேரக் கச்சேரியில் கிடார் தனியாகக் கேட்கிற இடம் எல்லாம் சேர்த்தால் ஐந்து நிமிடம் வராது. மற்ற நேரமெல்லாம் என் கிடார் எனக்கே கேட்காது. விடியக்காலை ஜீப்பில் திரும்பும்போது சம்பளத்துக்கு ஒரு சண்டை, வரிசையில் முன்னால் யார் நிற்பது என்று ஒரு சண்டை. கிடாரை விற்றுவிட்டு ஒரு வருடம் தொடாமலே இருந்தேன். திரும்ப வாங்கியது எனக்காக.

தனியாக இருந்தால்தான் மரத்தின் குணமும் தெரியும். ஜூன் மாதம் போடியிலிருந்து மலைக்கு, தோட்டத்து வீட்டுக்குக் கிடாரைக் கொண்டுபோவேன். நாலே நாளில் மேல்பலகை ஈரம் குடித்து லேசாக உப்பும். கம்பி ஃப்ரெட்டை விட்டு எழும்பும். அதே எஃப் கார்டுக்கு இரண்டு மடங்கு அழுத்தவேண்டும். ஏப்ரலில் கீழே காய்ந்து கிடக்கும்போது கழுத்து மரம் சுருங்கி ஃப்ரெட் முனை விரலைக் குத்தும். வண்டிப்பெரியார் மழைக்குத் தம்பியின் கிடார் என்ன பாடுபடுகிறதோ. பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வை. சுவரில் மாட்டாதே.

பி.கு.: அந்த மெட்ரோனோம் சோதனையை நானும் செய்து பார்த்தேன், கேலி செய்வதற்காகத்தான். ஒரு இடத்தில் கொஞ்சம் இழுக்கிறேன். தெரிந்தேதான் இழுக்கிறேன், உணர்ச்சிக்காக.

கம்பம் கீபோர்டு

தெரிந்து இழுத்தால் பத்து முறை வாசித்தாலும் அதே இடத்தில், ஏறக்குறைய அதே அளவு இழுக்கவேண்டும் அண்ணே. இன்னொரு முறை பதிவு செய்து பாருங்கள்.

கூடலூர் பன்னீர்

இரண்டு நாளாகப் போடி அண்ணனைக் காணோம். விலை ஏறிவிட்டதா, மெட்ரோனோம் கிடைத்துவிட்டதா?

போடி ஏலம்

பார்த்தேன். ஐந்து முறை. ஐந்தும் ஐந்து விதம்.

அதனால் என்ன? என் வீடு, என் கிடார். யாருக்கு நஷ்டம்? இப்போதும் சொல்கிறேன், குழுவுக்குப் போகமாட்டேன்.

பெரியாறு ஆறுகம்பி

நானும் பதிவு செய்து கேட்டேன். கம்பம் அண்ணன் சொன்ன அதே எஃப். ஆனால் எனக்கு அது போனில் உறைக்கவில்லை. வேறு விதமாக உறைத்தது.

எங்கள் லயத்தில் எட்டு வீடு ஒரே வரிசை, ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் உத்திரம் வரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறாயுசு" என்பார்கள். தனியாக வாசிக்கிறேன் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, எட்டு வீடும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நேற்றுக் காலையில் குழாயடியில் பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் குடத்தை வைத்துவிட்டு நான் வாசிக்கும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சரணத்தில் அந்த இடம் வந்ததும் நிறுத்தியது. மூச்சுவிட அல்ல. நான் விரல் அடுக்குவேனே, அவ்வளவு நேரம் சும்மா நின்றுவிட்டு, அப்புறம் தொடர்ந்தது. பாட்டே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என் கிடாரில்தான் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறது.

எனக்குத் தண்ணீர் பிடிக்கவே தோன்றவில்லை.

குமுளி டீச்சர்

ஐயோ.

சரி, கம்பத்துக்குப் போகவேண்டாம். அந்தக் குழந்தையை உட்காரவைத்துப் பாடச் சொல்லி நீ பின்னால் வாசி. குழந்தைகள் நிற்கமாட்டார்கள், உனக்கு டிரம்ஸ்காரரைவிடக் கஷ்டமாக இருக்கும்.

பெரியாறு ஆறுகம்பி

டீச்சர், ஞாயிற்றுக்கிழமை முயற்சி செய்தேன். மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் முதலில் ஒன்றும் கேட்கவில்லை, பெண்ணைப் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன். எஃப்-க்குப் பதிலாக மெல்லிய நாலு கம்பியில் மட்டும் சின்ன எஃப் போட்டுத் தப்பித்தேன். பெண் பழைய இடத்தில் நின்றது, நான் நிற்கவில்லை. என்னை முறைத்தது. "அண்ணா, தப்பா வாசிக்கிறீங்க" என்றது.

இரண்டு மூன்று முறைக்கு அப்புறம் ஒத்துவந்தது. சத்தம் கேட்டு அதன் பாட்டி வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். அவருக்கு அந்தப் பாட்டு முழுசாகத் தெரியும், ஆனால் சுருதி வேறு. கேப்போ வாங்கியிருந்தேன். "பாட்டி, உங்களுக்கு எத்தனை கட்டை?" என்று கேட்டேன். "அடுப்புக்குப் பக்கத்துல நாலு கெடக்கு, வேணும்னா எடுத்துக்கோ" என்றார்.

சி வடிவம் பிடித்துக் கேப்போவை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். மூன்றாவது ஃப்ரெட்டில் சேர்ந்தது.

கம்பம் கீபோர்டு

அது ரெண்டரைக் கட்டை.

போடி ஏலம்

மழையில் கிடாரை வாசற்படிப் பக்கம் வைத்தா வாசித்தாய்? முதலில் துடைத்து உள்ளே வை.